முறை வைத்த வெளிச்சம்

எழுபத்திரண்டு.

1946 செப்டம்பர் ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை, பொழுது சாய்ந்த அரை மணி நேரத்தில், செங்கால்குறிச்சி கிழக்குத் தெருவின் நடுக் கம்பத்தில் மரியசூசை மாட்டிப் பார்த்த மீட்டர் காட்டிய எண் அது. காட்டியிருக்க வேண்டியது நூற்றுப் பத்து. மீதி முப்பத்தெட்டு வோல்ட், கோயில் வாசலில் ஓடும் எஞ்சினுக்கும் இந்தத் தெருவுக்கும் நடுவே, முந்நூற்றைம்பது கஜக் கம்பியில் தொலைந்துபோயிருந்தது. தெருவில் முப்பத்தாறு பல்புகள் தொங்கின. முப்பத்தாறும் எரிந்தன. ஆனால் ஒவ்வொன்றும் சாம்பல் பூத்த கொள்ளியின் நிறத்தில் இருந்தது.

"என்னடா சூசை, பல்பு எரியுதா, இல்ல பீடி குடிக்குதா?" என்று இருட்டிலிருந்து ஒரு குரல். தெருவே சிரித்தது.

மரியசூசை சிரிக்கவில்லை. மறுநாள் மாலை ஏழு மணிக்குச் சாமியார் ஜெபப்புத்தகத்தோடு இந்தத் தெருவுக்கு வரப்போகிறார். புத்தகத்தில் எழுத்துத் தெரிந்தால் மாதா சப்பரம் தெருவுக்குள் வரும். தெரியாவிட்டால், எப்போதும் போலச் சந்தியோடு திரும்பிவிடும்.

ஏலாக்குறிச்சியிலிருந்து நாலு மைல் தள்ளி, கொள்ளிடத்து வாய்க்கால் ஒன்று வந்து முடிகிற ஊர் செங்கால்குறிச்சி. செப்டம்பர் எட்டு மாதா பிறந்த திருநாள். அதற்கு முந்தின நாள் மாலையில் பதினாறு பேர் தோளில் சப்பரம் கிளம்பும். கோயில் தெரு, மேலத்தெரு, கடைத்தெரு என்று மூன்று தெரு சுற்றும். நாலாவது கிழக்குத் தெரு, பண்ணை வேலைக்குப் போகிறவர்களின் தெரு. அந்தத் தெருவின் வாயில் வரைக்கும் சப்பரம் வரும். அங்கே ஒரு நிமிஷம் நிற்கும். பிறகு திரும்பிவிடும். கிழக்குத் தெருக்காரர்கள் சந்திக்கு வந்து கும்பிட்டுக்கொள்ள வேண்டியது.

ஏன் உள்ளே வருவதில்லை என்று கேட்டால் முதலில் சொன்ன காரணம், தெரு மேடும் பள்ளமுமாக இருக்கிறது என்பது. தெருக்காரர்கள் ஒரு கோடை முழுக்க மண் சுமந்து பள்ளத்தை நிரப்பினார்கள். அடுத்த காரணம், இருட்டு.

ஆகஸ்டில் நடந்த திருநாள் கூட்டத்திலும் கமிட்டித் தலைவர் லூர்துராஜ் அதையேதான் சொன்னார். மேலத்தெருவில் பெரிய வீடும், தண்ணீர் முதலில் ஏறுகிற வாய்க்கால் தலைப்பில் நிலமும் உள்ளவர் அவர்.

"இருட்டுல சப்பரத்தத் தூக்கிட்டு எப்படிங்க சாமி போறது? ஒருத்தன் கால் தடுக்குனா மாதாவே சாஞ்சிடும்ல?"

சாமியார் ஊருக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. யாருடைய மனமும் நோகாமல் பேசத் தெரிந்தவர், ஆனால் பேச்சை மறக்கிறவர் இல்லை. "இந்த வருஷம்தான் கரண்டு வருதே," என்றார். "ஏழாம் தேதி சாயங்காலம் ஏழு மணிக்கு நான் அந்தத் தெருவில் நின்று புத்தகத்தைத் திறப்பேன். எழுத்துத் தெரிந்தால் சப்பரம் போகட்டும்."

கூட்டத்தின் பின்வரிசையில் நின்ற மரியசூசை, "தெரியும் சாமி," என்றான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவனுக்கு இருபத்தேழு வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. 1942இல் லூர்துராஜின் பண்ணையில் மாடு ஓட்டிக்கொண்டிருந்தவன், திருச்சியில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஓட்டிய மாட்டைக் கட்டுத்தறியில் கட்டிவிட்டு ரயிலேறினான். நாலு வருஷம் கழித்து, ராஞ்சியில் ராணுவ ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்கிற ஆளாக இருந்து திரும்பினான். தகரப்பெட்டிக்குள் ஒரு ஜோடி பூட்ஸும், பட்டாளம் கழித்துப்போட்ட சாமான்களிலிருந்து கேட்டு வாங்கிய ஒரு வோல்ட் மீட்டரும் இருந்தன. பூட்ஸை மச்சானுக்குக் கொடுத்துவிட்டான். மீட்டரைத் தன் மனைவி விண்ணரசியைக்கூடத் தொடவிடவில்லை.

எஞ்சினும் டைனமோவும் அரியலூரிலிருந்து வந்தன. அங்கே டெண்டுக் கொட்டகை வைத்துப் படம் காட்டுகிற அங்கமுத்து, திருநாளுக்கென்று தன் எஞ்சினை இரண்டு வண்டி கட்டிக் கொண்டுவந்திருந்தார். கொட்டகையில் கத்திக் கத்தி அவருக்குச் சாதாரணப் பேச்சே கிடையாது.

நாலாம் தேதி கிழக்குத் தெருவில் முதல் பன்னிரண்டு பல்புகளை மரியசூசை மாட்டினான். மீட்டர் தொண்ணூற்றைந்து காட்டியது. தெரு பளிச்சென்று இருந்தது. பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து தங்கள் நிழலைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் செங்கால்குறிச்சியில் ஒரு வழக்கம் உண்டு. திருநாளுக்கு முந்தின நாள் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் பேரில் ஒரு விளக்கு வைக்க வேண்டும். அது நேர்ச்சை. அகல் விளக்காக இருந்த காலத்தில் வீட்டுக்கு ஓர் அகல். இந்த வருஷம் மேலத்தெருவில் வீட்டுக்கு ஒரு பல்பு மாட்டி, அடியில் தகரத்தில் பேர் எழுதித் தொங்கவிட்டார்கள். கிழக்குத் தெரு சும்மா இருக்குமா? முப்பத்தாறு வீடு. திருச்சிக்குப் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டதில், முப்பத்தாறு வீட்டுக்கும் பல்பு வந்துசேர்ந்தது.

ஐந்தாம் தேதி இருபத்து நாலு. மீட்டர் எண்பத்திரண்டு. "வெளிச்சம் கொஞ்சம் கம்மியாத் தெரியுதே, இன்னும் நாலு பல்பு போடு," என்றார்கள். ஆறாம் தேதி முப்பத்தாறு. அகல் விளக்கைக் கூட்டினால் வெளிச்சம் கூடும். காலங்காலமாகத் தெரு கண்ட கணக்கு அது. பல்புக்கு அந்தக் கணக்குச் செல்லாது என்பது மரியசூசை ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்தும் முப்பத்தாறையும் அவன்தான் கம்பத்தில் ஏறி மாட்டினான். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் பல்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து நிற்கும்போது, "உனக்கு வேண்டாம்" என்று எந்த வீட்டைப் பார்த்துச் சொல்வது?

எழுபத்திரண்டு காட்டிய அந்த மாலையில், நிலைமை அதோடு நிற்கவில்லை. கிழக்குத் தெரு மங்கலாக இருக்கிறது என்று யாரோ ஓடிப்போய் அங்கமுத்துவிடம் சொன்னார்கள். "அட, அதுக்கென்ன!" என்று அவர் எஞ்சின் பக்கத்துக் கரண்டுப் பலகையிலிருந்த திருகைத் திருகினார். நூற்றுப் பத்திலிருந்த வோல்ட் நூற்று முப்பத்தைந்துக்கு ஏறியது. கிழக்குத் தெருவில் மீட்டர் எண்பத்தெட்டைத் தொட்டது. தெரு கைதட்டியது. அதே நேரத்தில் கோயில் வாசலில் பல்புகள் கண்ணைப் பறிக்கிற வெள்ளையாக எரிந்து, மாதா சுரூபத்துக்கு மேலே இருந்த நாலு பல்பும் ஒன்றன்பின் ஒன்றாகப் பட் பட்டென்று போய்விட்டன.

பத்து நிமிஷத்தில் லூர்துராஜ் டார்ச் லைட்டோடு கிழக்குத் தெரு முனையில் நின்றார். உள்ளே வரவில்லை.

"ஒங்க தெருவுக்கு வெளிச்சம் வேணும்னு கோயில இருட்டாக்கிட்டீங்களேடா! டேய் சூசை, காலையில இந்தப் பக்கத்துக் கம்பிய அறுத்துவிடச் சொல்லப்போறேன்."

மரியசூசை கம்பத்திலிருந்து இறங்கி, மீட்டரை மனைவியின் கையில் கொடுத்தான். முதல் தடவையாகக் கொடுத்தான். பிறகு நிமிர்ந்து நின்றான்.

"சாமி சொன்ன டைம் நாளைக்கு ஏழு மணிங்கய்யா. இன்னிக்கு இல்லையே."

"ஏழு மணிக்கு என்ன ஆவும்? சூரியன இங்க எறக்கிடுவியா?"

"எழுத்துத் தெரியும்ங்கய்யா. அதானே பேச்சு?"

டார்ச் வெளிச்சம் அவன் முகத்தில் ஒரு கணம் நின்று, அணைந்தது. "ஏழு அஞ்சுக்கு அறுத்துடுவேன்," என்று சொல்லிவிட்டு லூர்துராஜ் போனார்.

மரியசூசை நேரே எஞ்சினிடம் போனான். அங்கமுத்து வோல்ட்டைப் பழையபடி நூற்றுப் பத்துக்கு இறக்கியிருந்தார். முகம் வாடியிருந்தது.

"நல்லது செய்யப் போயி நாலு பல்பு போச்சு, தம்பி. கரண்டு தூரமாப் போனா வழியிலேயே செலவாயிடும்போல."

"கரண்டு செலவாவலண்ணே. போற கரண்டு அத்தனையும் திரும்பி வந்துடுது. தள்ளுற வேகந்தான் வழியில குறைஞ்சிடுது." பலகையில் கிழக்குத் தெருக் கம்பிக்கென்று இருந்த ஆம்பியர் முள்ளைப் பார்த்தான். பத்து. ஓர் ஆணியை எடுத்து எஞ்சின் பெட்டியின் மரத்தில் கீறினான். முப்பத்தெட்டைப் பத்தால் வகுத்தால் மூணே முக்காலும் கொஞ்சமும். "பாருங்க. இதுதான் நம்ம கம்பியோட தடை. மூணு புள்ளி எட்டு ஓம். இது மாறாது. கம்பி அதே கம்பிதானே? எத்தனை ஆம்பியர் போவுதோ அத இதால பெருக்கு. அத்தனை வோல்ட் வழியில போயிடும். பத்து ஆம்பியர்னா முப்பத்தெட்டு போச்சு. நாலு ஆம்பியர்னா பதினஞ்சுதான் போவும்."

"நாலு ஆம்பியர்னா?"

"பன்னெண்டு பல்பு."

அங்கமுத்து தலையைச் சொறிந்தார். "அதாவது பல்பக் கழட்டுனா வெளிச்சம் கூடும்ங்கிற. இத எங்கொட்டகையில எழுதி ஒட்டுனா டிக்கெட்டே எடுக்க மாட்டான்."

"இன்னொரு சுருள் கம்பி இருக்கா? கம்பிய ரெட்டையாப் போட்டா தடை பாதியாயிடும்."

"சண்ட முடிஞ்சு ஒரு வருஷமாச்சு, இன்னும் கடையில கம்பி வரலையே தம்பி. இருந்ததெல்லாம் ஒந்தெருவுக்குத்தான் இழுத்திருக்கேன்."

"எஞ்சினச் சந்திக்கு நகத்திட்டா?"

"சிமிண்டு போட்டு போல்ட்டு முறுக்கி உட்கார வச்சிருக்கேன். பேத்து மறுபடி உட்கார வைக்க ரெண்டு நாளு. ஒனக்கு ரெண்டு நாளு இருக்கா?"

இல்லை. ஒரு பகல்தான் இருந்தது. கம்பி கிடைக்காது, எஞ்சின் நகராது, வோல்ட்டை ஏற்றினால் கோயில் பல்பு போகும். மிச்சமிருப்பது ஆம்பியர் ஒன்றுதான். அதைக் குறைக்க இருபத்து நாலு வீட்டு நேர்ச்சையைக் கழற்ற வேண்டும்.

மறுநாள் காலை புளியமரத்தடியில் தெருவே கூடியிருந்தது. மரியசூசை சுற்றி வளைக்கவில்லை.

"முப்பத்தாறுல இருபத்து நாலக் கழட்டணும்."

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எந்த இருபத்து நாலு? யார் வீட்டுது? ஒரு பக்கம் மாமனும் மச்சானும் அப்போதே சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று வீட்டுக்கு ஒரு பல்பு வைத்து மூன்று பேர் எழுதலாமே என்றான் மரியசூசை. யார் பேர் மேலே வருவது என்பதில் அதுவும் உடைந்தது.

"ஏண்டா, எம்பல்பு ஒண்ணா வெளிச்சத்தக் கெடுத்துச்சு?" என்று கேட்டபடி எழுந்தாள் மதலேனம்மாள். ஐம்பது வயதுக்காரி. மரியசூசைக்கு அத்தை முறை. கடைசிக் கம்பத்துப் பல்பு அவளுடையது, தகரத்தில் மகன் பேர். மலாயாத் தோட்டத்துக்குப் போன மகன் சவரிநாதன், ஜப்பான்காரன் வந்தபிறகு என்ன ஆனான் என்றே தெரியாமல் நாலு வருஷம் கிடந்தாள். இந்த வருஷம் மே மாதம் அவனிடமிருந்து கடுதாசி வந்தது. அந்தப் பல்பை அவளே திருச்சிக்குப் போய் வாங்கி, அரியலூர் வரைக்கும் ரயிலிலும் அங்கிருந்து வண்டியிலும் மடியில் முட்டையைப் போல வைத்துக்கொண்டு வந்தவள். "எம்மவன் பேர அவுக்கச் சொல்ற. மொதல்ல எனக்குப் புரியவையி. அப்புறம் அவுக்குறதப் பத்திப் பேசு."

"வோல்ட்டுன்னா..." என்று ஆரம்பித்தான்.

"அந்தப் பாஷையெல்லாம் ராஞ்சியில வச்சுக்க."

மரியசூசை நிறுத்தினான். கூட்டத்தைப் பார்த்தான். இதில் பாதிப் பேர் லூர்துராஜின் வயலிலும் மற்றவர்கள் வயலிலும் தண்ணீர் கட்டுகிறவர்கள். விடிவதற்கு முன்னால் மண்வெட்டியோடு போய் மடை திறந்து மடை அடைப்பவர்கள்.

"அத்த, நம்ம வாய்க்கா தலைப்புல தண்ணி எவ்ளோ ஒசரம் நிக்குது?"

"இடுப்பு மட்டும்."

"கடமடையில?"

"எல்லா மடையும் தொறந்திருந்தா கணுக்கா கூட நனையாது."

"ஏன்? வழியில தண்ணிய யாராச்சும் குடிச்சிட்டாங்களா?"

"வாய்க்கா சின்னதுடா. அத்தன மடையும் ஒண்ணா இழுத்தா எங்க ஏறும்?"

"அதேதான் அத்த. எஞ்சின் தலைப்பு. நம்ம தெரு கடமடை. கம்பிதான் வாய்க்கா, சின்ன வாய்க்கா. ஒவ்வொரு பல்பும் ஒரு மடை. முப்பத்தாறு மடையத் தொறந்து வச்சிட்டு எந்த வயலும் பாயலன்னு அழுவுறோம்."

பல தலைகள் ஆடின. இது அவர்களுக்குப் பாடம் இல்லை, தினசரி வேலை. மரியசூசை வெற்றி கிட்டிவிட்டதாக நினைத்தான். "அதனாலதான் சொல்றேன், இருபத்து நாலு மடைய அடைச்சிட்டா..."

"போடா கூமுட்ட," என்றாள் மதலேனம்மாள். "தண்ணி பத்தலன்னா எந்த ஊர்லயாவது வயல அழிப்பானா? மொற வைப்பான். இன்னிக்கு ஒனக்கு, நாளைக்கு எனக்கு. சப்பரம் ஒரே நேரத்துல தெரு முழுக்கவா நிக்கப்போவுது? வர்ற எடத்துல வெளிச்சம் இருந்தாப் போதாதா? தல வூடு பன்னெண்டும் மொத மொற. சப்பரம் தாண்டுனதும் அடைச்சிக்கிட்டு நடு வூட்டுக்கு வுடு. அப்புறம் கட வூட்டுக்கு. முப்பத்தாறும் எரிஞ்ச மாதிரியும் ஆச்சு, எவன் பேரும் எறங்குன மாதிரியும் இல்ல."

 மரியசூசை நாலு வருஷம் ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் பார்த்தவன். வெளிச்சம் வேண்டும் என்றால் அங்கே கம்பி கேட்டு எழுதுவார்கள், கம்பி வரும். முறை வைக்கிற யோசனை அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

"அத்த," என்றான், "நீ பட்டாளத்துக்குப் போயிருக்கணும்."

"நான் போயிருந்தா சண்ட ரெண்டு வருஷம் முன்னாடியே முடிஞ்சிருக்கும். வேலையப் பாரு."

ஒரே ஒரு சிக்கல். பன்னிரண்டு பல்பை ஒரேயடியாக அணைக்கவும் ஏற்றவும் சுவிட்சும் தனிக் கம்பியும் வேண்டும். இரண்டும் இல்லை. மரியசூசை ஒவ்வொரு பல்புக்கும் போகிற இரண்டு கம்பியில் ஒன்றின் நுனியைக் கொக்கியாக வளைத்து, மேலே ஓடுகிற கம்பியில் தொங்கவிட்டான். கொக்கியைத் தூக்கிவிட்டால் பல்பு அணையும். மாட்டினால் எரியும். தூக்க ஒரு கவைக்கோல் போதும். வேலியில் முள் தள்ளுவதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கும்.

ஆனால் கோல் ஈரமாக இருந்தால் ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். அதனால் அடுப்புக்கு மேலே பரணில் புகை குடித்துக் காய்ந்த மூங்கில் கழிகளாகத் தேடி எடுத்து, நுனியைக் கவையாக வெட்டினார்கள். கையால் யாரும் கம்பியைத் தொடக்கூடாது, பலகைமேல்தான் நிற்க வேண்டும், மழை ஒரு தூறல் விழுந்தாலும் கோலைக் கீழே போட்டுவிட வேண்டும் என்று மரியசூசை வீடு வீடாகப் போய்ச் சொன்னான். மத்தியானம் எஞ்சின் ஓடாதபோதே மூன்று தடவை ஒத்திகை பார்த்தார்கள். முதல் தடவை பாதிப் பேர் கொக்கியைத் தூக்கி எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். மூன்றாவது தடவை, வாய்க்கால் கரையில் கேட்கிற அதே குரலில், "மொத மொற, அடை! ரெண்டாம் மொற, தொற!" என்று மரியசூசை கத்த, இருபத்து நாலு கோல்கள் ஒன்றாக அசைந்தன.

ஏழு மணிக்குச் சாமியார் வந்தார். பக்கத்தில் லூர்துராஜ். பின்னால் மேலத்தெருவும் கடைத்தெருவும் வேடிக்கை பார்க்கத் திரண்டிருந்தன. கம்பியை அறுக்க ஓர் ஆள் குறடோடு தயாராக நின்றான்.

தெருவின் முதல் பன்னிரண்டு வீடுகளுக்கு முன்னால் பல்புகள் தெளிவான மஞ்சளில் எரிந்தன. நடுக் கம்பத்தடியில் மீட்டரோடு உட்கார்ந்திருந்த மரியசூசை முள்ளைப் பார்த்தான். தொண்ணூற்றைந்து.

சாமியார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு புத்தகத்தைத் திறந்தார். கணீரென்று படித்தார்.

"சாமி, அது ஒங்களுக்கு மனப்பாடம்," என்றார் லூர்துராஜ். சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். "இதப் படிங்க."

தாலுகா ஆபீசிலிருந்து வந்த சர்க்கரைப் பங்கீட்டு அறிவிப்பு. எறும்பு வரிசை போன்ற எழுத்து. சாமியார் அதைக் கண்ணருகே கொண்டுபோய், மெதுவாக, ஒரு சொல்லும் விடாமல், அட்டை வைத்திருப்போர் வரிசையில் நிற்க வேண்டிய முறை வரைக்கும் படித்து முடித்தார். "சர்க்கரை எப்ப வருதுன்னும் படிங்க சாமி!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். மேலத்தெருக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

லூர்துராஜ் சிரிக்கவில்லை. கையை நீட்டித் தெருவின் உட்புறத்தைக் காட்டினார். "இங்க சரி. அங்க? முக்காத் தெரு இருட்டாக் கெடக்கு. சப்பரம் அங்க போயித்தானே தடுக்கி விழும்?"

உண்மைதான். பதின்மூன்றாவது வீட்டிலிருந்து கன்னங்கரேலென்று இருந்தது.

"சாமி," என்று கம்பத்தடியிலிருந்து மரியசூசை குரல் கொடுத்தான். "நீங்க நடந்து வாங்க. வெளிச்சம் கூடவே வரும்."

 சாமியார் அங்கியைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். பன்னிரண்டாவது வீட்டைத் தாண்டினார்.

"மொத மொற, அடை! ரெண்டாம் மொற, தொற!"

அவருக்குப் பின்னால் வெளிச்சம் பொட்டென்று போனது. முன்னால் வந்தது. கூட்டத்திலிருந்து ஒரு பெரிய மூச்சு எழுந்தது. அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். ஒவ்வொரு கம்பத்தடியிலும் பலகைமேல் ஓர் ஆள், ஆணோ பெண்ணோ, கையில் கோலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றார். சாமியார் நின்ற இடத்தில் தாளை விரித்து மறுபடியும் நாலு வரி படித்தார். நடந்தார். கடைசிப் பன்னிரண்டு வீட்டுக்கு வந்தார்.

"ரெண்டாம் மொற, அடை! மூணாம் மொற, தொற!"

கடைசிப் பகுதி எரிந்தது. மரியசூசை முள்ளைப் பார்த்தான். தொண்ணூற்று நாலு.

ஒன்று குறைகிறது. ஒரே ஒரு வோல்ட். யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் எங்கோ பதின்மூன்றாவதாக ஒரு பல்பு எரிகிறது என்று அர்த்தம். சொன்ன பேச்சுக் கேட்காத ஒரு வீடு. அவனுக்குச் சுரீரென்றது.

"எவன்டா அங்க அடைக்காம வுட்டவன்?" என்று கத்தினான். "ரெண்டாம் மொறயில எவனோ ஒருத்தன் தொறந்து வச்சிருக்கான்! யாரு வூட்டு வெளக்கு அது?"

 கோலை ஊன்றிக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டுக்காரர் நிதானமாகச் சொன்னார்: "ஒன் தலைக்கு மேல பாருடா, மிலிட்டரி."

நடுக் கம்பம். அவன் வீட்டுப் பல்பு. மீட்டரைப் பார்க்கிற வேலை அவனுக்கு, கோல் விண்ணரசிக்கு. விண்ணரசி கோலைக் கம்பத்தில் சாத்திவிட்டு, சாமியார் படிப்பதைக் கேட்க முன்வரிசைக்குப் போயிருந்தாள். ஊருக்கெல்லாம் வீடு வீடாகப் போய் விதி சொன்னவன் வீட்டு மடை மட்டும் திறந்து கிடந்தது.

தெரு சிரித்த சிரிப்பில் எஞ்சின் சத்தம்கூட அமுங்கிப்போனது. மரியசூசை கோலை எடுத்துப் பலகைமேல் ஏறி, தன் கொக்கியைத் தானே தூக்கினான். முள் தொண்ணூற்றைந்துக்கு வந்தது. அவனும் சிரித்தான்.

சாமியார் கடைசிக் கம்பம் வரைக்கும் போய்விட்டார். அங்கே மதலேனம்மாள் கோலோடு விறைப்பாக நின்றாள். சாமியார் பங்கீட்டுத் தாளை மடித்து லூர்துராஜ் கையில் கொடுத்தார். பிறகு நிமிர்ந்து, பல்புக்கு அடியில் தொங்கிய தகரத்தைப் படித்தார்.

"சவரிநாதன். மலாயா."

"தெரியுதுங்களா சாமி?" என்று கேட்டாள் மதலேனம்மாள்.

"தெரியுதும்மா." லூர்துராஜ் பக்கம் திரும்பினார். "சப்பரத்தைக் கொண்டுவரச் சொல்லுங்க."

லூர்துராஜ் வந்த வழியைப் பார்த்தார். தெருவின் கடைசிவரை வந்துவிட்டிருந்தார் அவரும். வெளிச்சத்தைத் தொடர்ந்து நடந்ததில், தான் உள்ளே வந்ததையே கவனிக்கவில்லை போலும். குறடு வைத்திருந்தவனைக் கைகாட்டிப் போகச் சொன்னார். மரியசூசையைத் தாண்டும்போது ஒரு நொடி நின்றார்.

"பதினாறு பேருக்கும் கால் வைக்கிற எடம் தெரியணும்டா, சூசை."

"தெரியும்ங்கய்யா. அவங்க வேகமா மட்டும் போவ வேணாம்னு சொல்லுங்க. மொற மாத்த எனக்கு ரெண்டு மூச்சு வேணும்."

எட்டு மணிக்குச் சப்பரம் சந்திக்கு வந்தது. வழக்கமாகத் திரும்புகிற இடத்தில் பதினாறு பேரின் கால்கள் பழக்கத்தில் ஒரு தடவை தயங்கின. மேளக்காரர்கள் முன்னால் போய்விட்டதால் அவர்களும் போனார்கள். மாதா கிழக்குத் தெருவுக்குள் வந்தது. தலை வீட்டு வெளிச்சத்தில் மாலை வாங்கிக்கொண்டது. நடு வீட்டு வெளிச்சத்தில் மெழுகுவர்த்திகள் வாங்கிக்கொண்டது. கடை வீட்டு வெளிச்சத்தில், தெரு முடிகிற இடத்தில், வாய்க்காலைப் பார்த்துத் திரும்பி நின்றது. ஒருவர் காலும் தடுக்கவில்லை. போகும்போது இரண்டு மாற்றம், வரும்போது இரண்டு மாற்றம். மேளச் சத்தத்துக்கு மேலே மரியசூசை நாலு தடவை கத்தினான். தொண்டை கட்டிவிட்டது. மாதாவின் முகத்தை அவன் பார்த்தது திரும்பி வரும்போது ஒரே ஒரு தடவைதான். மற்ற நேரமெல்லாம் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஆண்டுத் திருநாள் அறிவிப்பில், சப்பரம் சுற்றும் தெருக்கள் நான்கு என்று அச்சிட்டிருந்தது. அங்கமுத்து அந்த முறை எஞ்சினைக் கோயில் வாசலில் இறக்கவில்லை, சந்தியில் இறக்கினார்.